கோழி வைரஸால் எலிக்குக் கட்டி வருவது எப்படி?

பிறந்து ஒரு நாள்கூட ஆகாத எலிக்குட்டி ஒன்று. கோழிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் ஒரு வைரஸை அதன் தோலடியில் செலுத்துகிறார்கள். சில வாரங்களோ மாதங்களோ கழித்து அங்கே ஒரு கட்டி எழுகிறது. அதை வெட்டியெடுத்து, அரைத்து, செல்கள் புக முடியாத நுண்வடிகட்டியில் வடித்து, வடிநீரைக் கோழிச் செல்கள் வளரும் தட்டில் விட்டுப் பார்த்தால் ஒன்றும் நடப்பதில்லை. வடிநீரில் வைரஸ் இல்லை. அதே கட்டியை அரைக்காமல், உயிருள்ள செல்களாகவே ஒரு கோழிக்குஞ்சின் உடலில் வைத்தால் குஞ்சுக்குக் கட்டி வருகிறது. அந்தக் கட்டியில் வைரஸ் ஏராளமாக இருக்கிறது.

அப்படியென்றால் எலியின் கட்டியில் வைரஸ் இருந்ததா, இல்லையா? இந்தக் கேள்விதான் விஷயத்தின் மையம். இதற்கு விடை தேடிய வழியில்தான், வைரஸின் மரபுச் செய்தி செல்லின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே தங்கிவிட முடியும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. விடை புரிய வேண்டுமானால், அந்த வைரஸ் கோழிச் செல்லில் என்ன செய்கிறது, எலிச் செல்லில் எங்கே மாட்டிக்கொள்கிறது என்ற இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கோழியில் தொடங்கியது

1908-இல் கோபன்ஹேகனில் எல்லர்மன், பாங் என்ற இருவர் கோழிகளின் லுக்கீமியாவைச் செல் இல்லாத வடிநீர் மூலம் வேறு கோழிகளுக்குக் கடத்திக் காட்டினார்கள். லுக்கீமியாவைப் புற்றுநோய் வகையில் சேர்க்காத காலம் அது. பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. அடுத்த ஆண்டு நியூயார்க்கின் ராக்கெஃபெல்லர் நிறுவனத்தில் இருந்த பெய்ட்டன் ரவுஸிடம் மார்பில் கட்டியுடன் ஒரு பிளிமத் ராக் கோழி வந்து சேர்ந்தது. கட்டி, இணைப்புத் திசுவில் எழும் சர்கோமா வகை. ரவுஸ் அதை அரைத்து, பாக்டீரியாவைக்கூடத் தடுத்துவிடும் பெர்க்ஃபெல்ட் வடிகட்டியில் வடித்து, வடிநீரை மட்டும் வேறு கோழிகளுக்குச் செலுத்தினார். அவற்றுக்கும் சர்கோமா வந்தது. 1911-இல் அவர் வெளியிட்ட முடிவு இது. நோபல் பரிசு வந்ததோ 1966-இல், அவருக்கு 87 வயதானபோது.

இத்தனை தாமதத்துக்கு ஒரு காரணம், அது 'கோழி விவகாரம்' என்று ஒதுக்கப்பட்டதுதான். தொடக்கத்தில் அந்தக் கட்டி நெருங்கிய உறவுள்ள அதே இனக் கோழிகளில் மட்டுமே பிடித்தது. பாலூட்டிகளில் பிடிக்காத ஒன்றுக்கும் மனிதப் புற்றுநோய்க்கும் என்ன தொடர்பு என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

அந்த வேலி உடைந்தது 1957-இல். மாஸ்கோவில் லெவ் ஜில்பரும் இரினா கிரியுகோவாவும் ரவுஸ் வைரஸைப் புதிதாகப் பிறந்த எலிகளுக்குச் செலுத்தியபோது, அவற்றின் உடலில் ரத்தம் நிறைந்த நீர்க்கட்டிகள் தோன்றின. ஸ்வெட்-மோல்தாவ்ஸ்கியும் ஏறத்தாழ அதே நேரத்தில் தனியாக இந்த வழியில் வந்துசேர்ந்தார். அதன்பின் பிராகில் யான் ஸ்வோபோடா எலிகளில் உண்மையான சர்கோமாக்களை வளர்த்தார். சுவீடனில் அல்ஸ்ட்ரோமும் அவருடைய குழுவினரும் 1962-இல் ஹாம்ஸ்டர் என்ற கொறித்துண்ணியிலும் எலியிலும் கட்டிகளை உண்டாக்கினார்கள்.

எல்லாப் பறவை வைரஸும் இதைச் செய்யுமா?

செய்யாது. கோழிகளில் புற்றுநோய் உண்டாக்கும் வைரஸ்களில் இரண்டு வகை ரெட்ரோவைரஸ்களை (தம் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றிச் செல்லின் டி.என்.ஏ.வில் செருகும் வைரஸ்களை) பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். ஒரு வகை மெதுவானது. பறவை லுக்கோசிஸ் வைரஸ் அதற்கு உதாரணம். தன்னிடம் புற்றுநோய் மரபணு எதுவும் இல்லாத இந்த வைரஸ், செல்லின் டி.என்.ஏ.வில் ஏதோ ஓர் இடத்தில் செருகிக்கொள்ளும். அந்த இடத்துக்கு அருகில் வளர்ச்சியைத் தூண்டும் மரபணு இருந்துவிட்டால் அதை முடுக்கிவிடும். இது தற்செயலை நம்பிய வேலை. வைரஸ் திரும்பத் திரும்பப் பெருகிப் பல லட்சம் செல்களில் செருகிக்கொண்டால்தான் ஒன்றிரண்டு இடம் பொருந்திவரும். கொறித்துண்ணியின் உடலில் அந்த வைரஸ் பெருகவே முடியாது என்பதால் சீட்டு விழ வாய்ப்பே இல்லை.

இரண்டாம் வகை வேகமானது. புற்றுநோய் மரபணுவைத் தன் பையிலேயே சுமந்து வரும். ரவுஸ் சர்கோமா வைரஸ் இந்த வகை. எங்கே செருகினாலும் சரி, ஒரே ஒரு செல்லில் ஒரே ஒரு முறை செருகினாலே போதும். எலியில் கட்டி உண்டாக்க முடிகிற ரகசியம் இதுதான்.

ரெட்ரோவைரஸ் அல்லாத ஒன்றும் பட்டியலில் உண்டு. செலோ எனப்படும் பறவை அடினோவைரஸ் கோழிக்குஞ்சுக்குப் புற்றுநோய் தராது. ஆனால் அதைப் புதிதாகப் பிறந்த ஹாம்ஸ்டருக்குச் செலுத்தினால் கட்டி வரும் என்று 1965-இல் சர்மா, ஹியூப்னர், லேன் மூவரும் காட்டினார்கள். சொந்த விலங்கில் பெருகி வெளியேறும் வைரஸ், அந்நிய விலங்கில் பெருக முடியாமல் சிக்கிக் கட்டியாக முடிவது என்ற அதே கதை இங்கும் நடக்கிறது. இனி இந்தக் கட்டுரை ரவுஸ் வைரஸோடுதான் நடக்கும்.

கோழிச் செல்லுக்குள்

வைரஸ் துகளுக்குள் இருப்பது ஆர்.என்.ஏ.; ஒரு பிரதியின் நீளம் சுமார் 9,300 எழுத்துகள், ஒரு துகளில் இரண்டு பிரதிகள். அதில் நான்கு மரபணுக்கள் உண்டு. காக் என்பது துகளின் உட்கூட்டைக் கட்டும் புரதங்களுக்கு. போல் நொதிகளுக்கு. என்வ் வெளியுறைப் புரதத்துக்கு. நான்காவது சார்க், வைரஸின் பெருக்கத்துக்கு இது தேவையே இல்லை, கட்டிக்கு இது மட்டுமே தேவை.

உறைப் புரதம் கோழிச் செல்லின் மேற்பரப்பில் உள்ள ஓர் ஏற்பியைப் பற்றிக்கொள்கிறது. வைரஸ் உள்ளே நுழைகிறது. தலைகீழ்ப் படியெடுப்பு நொதி ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றுகிறது. செல் பிரியும் வேளையில் அந்த டி.என்.ஏ. குரோமோசோமில் செருகப்படுகிறது. இப்படிச் செருகிய பகுதிக்குப் புரோவைரஸ் என்று பெயர். அதன் இரு முனைகளிலும் ஒரே மாதிரியான நீள் முனைத் தொடர் உண்டு. இதுவே 'படியெடுக்கத் தொடங்கு' என்ற கட்டளையைத் தருகிறது. பிறகு செல் தன் சொந்த மரபணுக்களைப் போலவே புரோவைரஸையும் படியெடுக்கும். அந்தப் படிகளில் ஒரு பங்கு வெட்டப்படாமல் முழு நீளத்தில் செல்லின் உட்கருவை விட்டு வெளியேறும். அது புதிய துகளுக்கான மரபுப் பொருளாகவும் காக், போல் புரதங்களுக்கான செய்தியாகவும் பயன்படும். இன்னொரு பங்கு வெட்டி ஒட்டப்பட்டு என்வ், சார்க் புரதங்களைத் தரும்.

வெட்டாத படிக்கும் வெட்டிய படிக்கும் இடையிலான இந்த விகிதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எலியில் விஷயம் கெடுவது இங்கேதான்.

எலிச் செல்லுக்குள் எங்கே மாட்டுகிறது?

முதல் தடை வாசலிலேயே இருக்கிறது. உறைப் புரதத்தின் அடிப்படையில் இந்த வைரஸ்களை ஏ, பி, சி, டி என்று துணைக்குழுக்களாகப் பிரிப்பார்கள். ஏ குழு பற்றுவது டி.வி.ஏ. என்ற ஏற்பி, பி, டி குழுக்கள் டி.வி.பி. என்ற வேறோர் ஏற்பி. சி குழுவுக்கு டி.வி.சி. இவை எல்லாம் பறவைச் செல்லின் புரதங்கள். பாலூட்டிகளிடம் இவற்றுக்கு ஒப்பான புரதங்கள் இருந்தாலும், வைரஸின் கைப்பிடிக்கு அவை சரியாகப் பொருந்துவதில்லை. ஆனால் டி குழுவும், ஓரளவு சி குழுவும் அரைகுறையாகவாவது பாலூட்டிச் செல்லுக்குள் நுழைந்துவிடும். கோழிச் செல்லோடு ஒப்பிட்டால் இந்த நுழைவு பல ஆயிரம் மடங்கு குறைவு. அதனால்தான் சோதனைகளில் ரவுஸ் வைரஸின் ஷ்மிட்-ருப்பின் வகையும் பிராக் வகையும் திரும்பத் திரும்ப வருகின்றன. எந்த வகை என்று சொல்லாமல் 'ரவுஸ் வைரஸ் எலியில் கட்டி தரும்' என்று சொல்வது பாதி உண்மைதான்.

நுழைந்துவிட்டால் அடுத்த இரண்டு கட்டங்களில் பெரிய சிக்கல் இல்லை. தலைகீழ்ப் படியெடுப்பு நொதியை வைரஸே கொண்டுவருகிறது. குரோமோசோமில் செருகும் நொதியும் அப்படியே. செல் பிரிய வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. பிறந்த குட்டியின் திசுக்களில் பிரியும் செல்கள் ஏராளம். நீள் முனைத் தொடரும் எலிச் செல்லில் நன்றாகவே வேலை செய்கிறது. பாலூட்டிச் செல்களில் மரபணுக்களை இயக்குவதற்கான முடுக்கியாகவே அதை ஆய்வகங்களில் பயன்படுத்துகிறார்கள்.

பிறகுதான் வண்டி தடம் புரள்கிறது. எலிச் செல் அந்த ஆர்.என்.ஏ. படிகளை அளவுக்கு மீறி வெட்டுகிறது. முழு நீளப் படி குறைகிறது. அதனால் துகளுக்கான மூலப்பொருளும் குறைகிறது. உருவாகும் கொஞ்சம் காக் புரதமும் ஒழுங்காகத் துண்டாகி உட்கூடாகச் சேருவதில்லை. வெளியுறைப் புரதமும் போதிய அளவில் இல்லை. மொத்தத்தில், தொற்றும் திறனுள்ள துகள் வெளியே வருவதில்லை.

ஆனால் சார்க் புரதம் வருவது எந்தப் படியிலிருந்து? வெட்டிய படியிலிருந்துதான். துகளைக் கட்ட முடியாமல் செய்த அதே கோளாறு, கட்டியை உண்டாக்கும் புரதத்துக்கு இடைஞ்சலாக இல்லை. வைரஸ் தோற்கிறது, அதன் ஒரு மரபணு மட்டும் வேலையைத் தொடர்கிறது. எலிக்கட்டியின் வடிநீர் ஏன் வெறுமையாக இருந்தது என்பதற்கும், கட்டி ஏன் வளர்ந்துகொண்டே இருந்தது என்பதற்கும் விடை இதுவே.

கடைசியாக இன்னொரு தடை, மெதுவாக வேலை செய்வது. கொறித்துண்ணியின் செல், செருகிய அந்நிய டி.என்.ஏ.வின் மேல் மெத்தில் குழுக்களை ஒட்டி அதை வாய் மூடச் செய்யும். மெத்தில் ஏறிய புரோவைரஸ் இருந்தும் இல்லாததுபோல் கிடக்கும். கட்டிச் செல்களைத் தட்டில் வளர்க்கும்போது சில செல்கள் சாதாரணச் செல் போலத் தட்டையாகிவிடுவதைக் காணலாம். அவற்றில் பலவற்றில் புரோவைரஸ் அப்படியே இருக்கும், படியெடுப்பு மட்டும் நின்றிருக்கும்.

சார்க் செய்யும் வேலை

சார்க் புரதம் ஒரு டைரோசின் கைனேஸ். அதாவது, மற்றப் புரதங்களில் உள்ள டைரோசின் என்ற அமினோ அமிலத்தின் மேல் பாஸ்பேட் ஒட்டும் நொதி. செல்லுக்குள் 'பிரி', 'நகர்', 'பிடியை விடு' போன்ற செய்திகள் இந்தப் பாஸ்பேட் மூலம்தான் கடத்தப்படுகின்றன.

வைரஸ் இதைத் தானாகக் கண்டுபிடித்ததா? இல்லை, கோழியிடமிருந்து எடுத்துக்கொண்டது. சார்க்குக்கு ஒத்த டி.என்.ஏ., வைரஸ் தொற்றாத கோழி, காடை, வான்கோழி, வாத்து, ஈமு ஆகியவற்றின் சாதாரணச் செல்களில் இருப்பதை 1976-இல் ஸ்டெலான், வார்மஸ், பிஷப், வோக்ட் ஆகியோர் காட்டினார்கள். இதற்காக பிஷப்புக்கும் வார்மஸுக்கும் 1989-இல் நோபல் கிடைத்தது. பாலூட்டிகளிலும் அதன் உடன்பிறப்பு உண்டு. எலியிடமும் நம்மிடமும் இருக்கிறது.

சாதாரண சார்க்குக்கும் வைரஸ் சார்க்குக்கும் முக்கிய வேறுபாடு வாலில் உள்ளது. கோழியின் சார்க் 533 அமினோ அமில நீளம். 527-ஆம் இடத்தில் ஒரு டைரோசின் இருக்கிறது. அதன் மேல் பாஸ்பேட் ஏறினால் புரதம் மடிந்து பூட்டிக்கொள்ளும், அதுதான் பிரேக். வைரஸ் சார்க்கின் நீளம் 526. கடைசி 19 அமினோ அமிலங்கள் போய், அந்த இடத்தில் வேறு 12 அமினோ அமிலங்கள் வந்திருக்கின்றன. பிரேக் கழன்ற வண்டி போல நொதி ஓயாமல் ஓடுகிறது. செல் உருண்டையாகிறது, தரையைப் பற்றியிருந்த பிடி தளர்கிறது, அடுத்த செல்லைத் தொட்டாலும் பிரிவதை நிறுத்துவதில்லை.

இந்தப் புரதத்தைக் கையில் பிடிப்பதற்கும் பாலூட்டியில் வளர்ந்த கட்டியே உதவியது. பிறந்த முயல் குட்டிகளுக்கு ஷ்மிட்-ருப்பின் வகையைச் செலுத்திக் கட்டி வளரவிட்டு, அவற்றின் ரத்த ஊநீரில் உண்டான எதிர்ப்புப் புரதங்களைக் கொண்டு 1977-இல் ப்ரக்கும் எரிக்சனும் 60 கிலோடால்டன் எடையுள்ள சார்க் புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள்.

சோதனை நடைபெறும் விதமும் தவறும் இடங்களும்

முதலில் வைரஸின் வகை. பிரையன் வகை கோழியில் மிக வீரியமானது, ஆனால் அதற்குச் சொந்த உறை மரபணு இல்லை. உடன் வரும் துணை வைரஸ்தான் உறை தருகிறது. எனவே அது எந்த விலங்கின் செல்லுக்குள் நுழையும் என்பதைத் துணை வைரஸே தீர்மானிக்கிறது. துணை வைரஸ் ஏ குழுவாக இருந்தால் எலியில் கட்டி எதிர்பார்ப்பது வீண். 'கோழியில் இவ்வளவு வீரியம், எலியில் ஏன் ஒன்றுமில்லை?' என்ற குழப்பத்துக்கு அடிக்கடி காரணம் இதுதான்.

அடுத்தது வைரஸின் அளவு. கோழிக்கரு நார்ச்செல்கள் மேல் வைரஸை நீர்த்து விட்டு, மேலே அகர் ஊற்றி, சில நாட்கள் கழித்து உருமாறிய செல்திட்டுகளை எண்ணுவார்கள். 1958-இல் டெமினும் ரூபினும் செம்மைப்படுத்திய முறை இது. ஒரு திட்டு, ஒரு தொற்றலகு. இது கோழிச் செல்லில் எண்ணிய அலகு என்பதை மறந்தால் கணக்கு தப்பும். எலிச் செல்லில் நுழைவு மிகக் குறைவு என்பதால், கோழிக்குப் போதுமான அளவு எலிக்குப் போதாது. வைரஸ் வெப்பம் தாங்காதது. மைனஸ் 70 டிகிரி அல்லது அதற்கும் கீழே வைக்க வேண்டும். உறைய வைத்து உருக்கும் ஒவ்வொரு முறையும் வீரியம் சரியும். சிறு குப்பிகளாகப் பிரித்து ஒரு குப்பியை ஒரே முறை உருக்குவது வழக்கம். செலுத்திய அன்று மிச்சமுள்ளதை மறுபடி எண்ணிப் பார்ப்பது இன்னும் நல்லது. பல குழப்பங்கள் அங்கேயே தீர்ந்துவிடும்.

குட்டியின் வயது எல்லாவற்றையும் விட முக்கியம். பிறந்த முதல் 24 மணி நேரத்துக்குள் செலுத்துவதே வழக்கம். நோய் எதிர்ப்பு முறை அப்போது முதிர்ந்திருக்காது. பிரியும் செல்களும் மிகுதி. நாட்கள் கடந்தால் கட்டி வருவதே குறையும்; வந்தாலும் சில வாரங்களில் கரைந்து போகும். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்குள்ளேயே ஒன்றுக்குக் கட்டி வளர்வதும் மற்றொன்றுக்குக் கரைவதும் உண்டு. ஆகவே ஒரே தாயின் குட்டிகளைச் சோதனைக் குழுவுக்கும் ஒப்பீட்டுக் குழுவுக்கும் பங்கிட்டு வைப்பார்கள்.

பிறந்த சுண்டெலிக் குட்டியின் எடை ஒன்று முதல் ஒன்றரை கிராம்; எலிக்குட்டி ஐந்து முதல் ஏழு கிராம். சுண்டெலிக் குட்டியின் தோலடியில் 0.05 மில்லிக்கு மேல் தங்காது, ஒழுகிவிடும். ஊசியைச் சற்றுத் தள்ளிக் குத்தித் தோலுக்கடியில் சிறிது தூரம் ஓட்டிச் செலுத்துவது, எடுக்கும்போது மெதுவாக எடுத்து ஒரு கணம் அழுத்துவது என்பவை ஒழுகலைக் குறைக்கும். கையுறையைக் கூட்டின் படுக்கைத் தூளில் தேய்த்துவிட்டுக் குட்டியைத் தொட வேண்டும். அந்நிய வாடை வந்தால் தாய் குட்டியைத் தின்றுவிடக்கூடும். அப்படிப் போன குட்டிகள் கணக்கேட்டில் 'இறந்தவை' என்று விழுந்து முடிவைக் கோணலாக்கும்.

ஒப்பீட்டுக் குழுவுக்கு வெறும் உப்புக்கரைசல் போதாது. வைரஸை வளர்த்த கோழிச் செல்லின் சாற்றையே, வைரஸ் இல்லாமல், அதே அளவு கொடுக்க வேண்டும். சூடாக்கியோ புறஊதாக் கதிரிலோ செயலிழக்கச் செய்த வைரஸ் இன்னொரு குழுவுக்கு. கோழிப் புரதத்துக்கு எலியின் உடல் வீங்கிக் காட்டும் எதிர்வினையைக் கட்டி என்று தவறாக எண்ணாமலிருக்க இது உதவும்.

விலங்குக்கு விலங்கு விளைவும் மாறும். எலியில் முதலில் ரத்த நீர்க்கட்டிகளும் பிறகு சர்கோமாவும் காணப்படும். ஹாம்ஸ்டர் இந்த வைரஸுக்கு நன்றாக இடம் கொடுக்கும் விலங்கு. சுண்டெலியில் வைரஸால் எழுந்த கட்டிகள் பொதுவான அயல் அடையாளம் ஒன்றைத் தாங்குவதால், ஒரு கட்டியால் தயார்ப்பட்ட எதிர்ப்பு அடுத்த கட்டியையும் தாக்கும். கட்டி கரைவதற்கு இதுவும் ஒரு காரணம். மூளைக்குள் செலுத்தினால் விளைவே வேறு. பிறந்த ஃபிஷர் 344 இன எலிகளின் மூளையில் இப்படி உண்டாக்கிய கட்டிகள் மூளைக்கட்டி ஆராய்ச்சிக்கு நீண்ட காலம் மாதிரியாக இருந்தன.

கட்டியை வாரம் இருமுறையாவது நுண்ணளவியால் அளந்து, நீளத்தை அகலத்தின் வர்க்கத்தால் பெருக்கி இரண்டால் வகுத்துக் கன அளவைக் குறிப்பார்கள். எந்த அளவில் விலங்கை வலியின்றி முடித்துவிட வேண்டும் என்பதை நெறிமுறைக் குழு முன்பே எழுத்தில் வைத்திருக்கும். புண்ணானாலோ, நடக்கவோ தின்னவோ இடைஞ்சலானாலோ அளவு வரும்வரை காத்திருக்கக் கூடாது.

அது உண்மையிலேயே வைரஸ் தந்த எலிக்கட்டிதானா?

முதல் சந்தேகம், வளர்வது எலிச் செல்லா, செலுத்திய சாற்றோடு உள்ளே போன கோழிக் கட்டிச் செல்லா என்பது. ஆரம்ப காலச் சோதனைகளில் கட்டிச் சாற்றைத்தான் செலுத்தினார்கள் என்பதால் இந்தக் கேள்வி பெரிதாக எழுந்தது. குரோமோசோம் எண்ணிக்கை உடனே தீர்ப்புச் சொல்லும். எலிக்கு 42, சுண்டெலிக்கு 40, சிரிய ஹாம்ஸ்டருக்கு 44. கோழிக்கு 78, அவற்றில் பெரும்பாலானவை புள்ளி போன்ற நுண் குரோமோசோம்கள். கட்டிச் செல்களில் எண்ணிக்கை கூடிக் குறைந்திருந்தாலும் அந்தப் புள்ளிகள் இல்லாததைக் கண்டுகொள்வது எளிது.

இரண்டாவது, புரோவைரஸைத் தேடுவது. பி.சி.ஆர். சோதனையில் சார்க்கைத் தேடினால் எந்த எலியிலும் 'உண்டு' என்று வரக்கூடும். எலிக்குச் சொந்தமாகவே சார்க் இருக்கிறதே. ஆகவே காக் மரபணுவையோ நீள் முனைத் தொடரையோ தேட வேண்டும். செருகிய இடத்தின் ஓரத்தில் வைரஸ் வரிசையும் எலி வரிசையும் சேரும் சந்திப்பை எடுத்துக்காட்டினால் ஐயமே இல்லை. கட்டியின் எல்லாச் செல்களிலும் சந்திப்பு ஒரே இடத்தில் இருந்தால், முழுக் கட்டியும் ஒரே ஒரு செல்லிலிருந்து பெருகியது என்று அர்த்தம்.

மூன்றாவது சோதனைதான் அழகானது: மீட்பு. பிராகில் ஸ்வோபோடா, பிராக் வகை வைரஸால் எலியில் வந்த ஒரு கட்டியிலிருந்து எக்ஸ்.சி. என்ற செல்வரிசையை வளர்த்தார். அது ஆண்டுக்கணக்கில் வளர்ந்தும் ஒரு வைரஸ் துகளைக்கூட வெளியிடவில்லை. ஆனால் உயிருள்ள எக்ஸ்.சி. செல்லைக் கோழியில் வைத்தாலோ, செயலிழக்கச் செய்த செண்டாய் வைரஸைப் பசையாகக் கொண்டு கோழி நார்ச்செல்லோடு இணைத்தாலோ, பிராக் வகை வைரஸ் பழைய குணங்களோடு வெளியே வந்தது. எலிச் செல்லில் இல்லாத உதவிகள் அனைத்தையும் இணைந்த கோழிச் செல் தந்துவிடுகிறது. தொடக்கத்தில் சொன்ன புதிரில் கோழிக்குஞ்சின் உடலில் நடந்ததும் இதுவே.

வைரஸ் ஆர்.என்.ஏ., டி.என்.ஏ.வாக மாறிச் செல்லில் தங்குகிறது என்று ஹோவர்ட் டெமின் 1964-இல் சொன்னபோது நம்பியவர் சிலரே. 1970-இல் டெமினும் மிசுடானியும் ஒருபுறம், பால்டிமோர் மறுபுறம் தலைகீழ்ப் படியெடுப்பு நொதியைக் கண்டுபிடித்த பிறகுதான் நிலைமை மாறியது. 1972-இல் மிரோஸ்லாவ் ஹில்லும் யானா ஹில்லோவாவும் இன்னும் நேரடியாகக் காட்டினார்கள். எக்ஸ்.சி. செல்லிலிருந்து டி.என்.ஏ.வை மட்டும் பிரித்தெடுத்துக் கோழி நார்ச்செல்களுக்குக் கொடுத்தார்கள். அவை வைரஸை உற்பத்தி செய்தன. துகளே இல்லாத எலிக்கட்டியில் வைரஸ் முழுவதும் எழுத்து வடிவில் இருந்திருக்கிறது.

மனிதருக்கு ஆபத்தா?

வளர்ப்புத் தட்டில் மனிதச் செல்களையும் ஷ்மிட்-ருப்பின் வகை உருமாற்றக்கூடியது என்பதால் கேள்வி நியாயமே. ஆய்வகத்தில் இதைப் பாதுகாப்புக் கூட்டுக்குள், கையுறையோடு, ஊசிக் குத்துப் படாமல் கையாளுகிறார்கள். பொதுமக்களைப் பொறுத்தவரை உண்மையான சோதனை தானாகவே நடந்துவிட்டது. கோழிக்கருவில் தயாரித்த பழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியில் பறவை லுக்கோசிஸ் வைரஸ் கலந்திருந்தது. இரண்டாம் உலகப் போரில் அந்த ஊசி போட்டுக்கொண்ட அமெரிக்கப் படைவீரர்களைப் பின்தொடர்ந்து 1972-இல் வெளியான ஆய்வு, அவர்களிடம் புற்றுநோய் கூடவில்லை என்றே கண்டது.

பலவீனத்தையே கருவியாக்கியது

எலியில் இந்த வைரஸுக்குச் சரியான வாசலும் இல்லை, பெருக்கமும் இல்லை. இந்த இரண்டு குறைகளையும் இன்றைய ஆய்வாளர்கள் வேண்டுமென்றே பயன்படுத்துகிறார்கள். ஷ்மிட்-ருப்பின் ஏ குழு வைரஸிலிருந்து சார்க்கை நீக்கி, அந்த இடத்தில் விரும்பிய மரபணுவைச் செருக ஸ்டீபன் ஹியூஸும் அவர் குழுவினரும் உருவாக்கிய ஏந்தியின் (மரபணுவைச் செல்லுக்குள் சுமந்து செல்லும் வைரஸின்) பெயர் ஆர்.சி.ஏ.எஸ். டி.வி.ஏ. ஏற்பியை ஒரே ஒரு திசுவில் மட்டும் காட்டும் சுண்டெலிகளை மறுபுறம் உருவாக்கினார்கள். வாசலை நாமே நாம் விரும்பிய அறைக்கு மட்டும் வைப்பது போல. நெஸ்டின் என்ற மரபணுவின் முடுக்கியின் கீழ் டி.வி.ஏ. இருந்தால் நரம்பு முன்னோடிச் செல்களுக்குள் மட்டுமே வைரஸ் நுழையும். அந்தச் சுண்டெலிகளில் ராஸ், ஏ.கே.டி. என்ற இரண்டு புற்றுநோய் மரபணுக்களையும் சேர்த்து அனுப்பி 2000-இல் எரிக் ஹாலண்டும் குழுவினரும் கிளையோபிளாஸ்டோமா என்ற மூளைக்கட்டியை உண்டாக்கினார்கள்.

ஒரே செல்லுக்கு இரண்டு மரபணுக்களை எப்படி அனுப்ப முடிந்தது? கோழிச் செல்லில் ஒரு வைரஸ் நுழைந்ததும், அது தயாரிக்கும் உறைப் புரதம் ஏற்பிகளை அடைத்து அடுத்த வைரஸைத் தடுத்துவிடும். சுண்டெலிச் செல்லில் உறைப் புரதம் போதிய அளவு உருவாவதில்லை. அதனால் கதவு திறந்தே கிடக்கிறது. ஒன்றன்பின் ஒன்றாகப் பல ஏந்திகள் நுழையலாம்.

நடைமுறையில், வைரஸைச் சுரக்கும் டி.எஃப்-1 என்ற கோழி நார்ச்செல்களையே ஊசியில் ஏற்றுவார்கள். பிறந்த குட்டியின் மூளைக்கு ஒரு மைக்ரோலிட்டர் அளவில் பத்தாயிரம் முதல் ஒரு லட்சம் செல்கள். கட்டி வராவிட்டால் முதலில் வாலின் நுனியிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, குட்டிக்கு டி.வி.ஏ. இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாத குட்டியில் எவ்வளவு வைரஸ் விட்டாலும் பலனில்லை. செருகிய மரபணு சுமார் 2,500 எழுத்துக்கு மேல் நீண்டிருந்தால் துகளுக்குள் அடங்காது. டி.எஃப்-1 செல்லைப் பலமுறை பிரித்துப் பிரித்து வளர்த்திருந்தால் வைரஸ் அந்த மரபணுவை உதிர்த்துவிட்டு, சுமையில்லாமல் வேகமாகப் பெருகிக்கொண்டிருக்கலாம். ஆகவே உறைய வைத்த பழைய குப்பியிலிருந்து புதிதாகத் தொடங்குவது நல்லது. ஊசியில் ஏற்றிய செல்கள் உயிரோடு இருந்தனவா என்பதும் முக்கியம். பனிக்கட்டி மேல் நெடுநேரம் வைத்திருந்த செல்கள் வெறும் சடலங்களாகத்தான் உள்ளே போகும். உயிரோடு போன கோழிச் செல்களும் சுண்டெலியின் மூளையில் சில நாட்களுக்கு மேல் நிலைப்பதில்லை. அந்தச் சில நாட்களில் அவை சுரந்த வைரஸ் எத்தனை செல்களுக்குள் நுழைந்ததோ அத்தனைதான். அதன்பின் புதிதாக ஒரு செல்கூடத் தொற்றாது.